சூளை போட்டவர், கடனை அடைத்தவர்: நாராயண பிள்ளை பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழின் கேள்வி பதில் பகுதியில், சிங்கப்பூரின் தொடக்க காலத் தமிழ்த் தலைவரான நாராயண பிள்ளையைப் பற்றி நான்கைந்து வரிகளில் ஒரு விடை எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர்கள் பலர், அந்த அளவோடு விட்டது போதாது என்று உரிமையோடு எழுதியிருக்கிறார்கள். ஆகவே இவ்விதழின் பகுதி முழுவதும் அவருக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

கேள்வி: நாராயண பிள்ளைதான் சிங்கப்பூருக்கு வந்த முதல் தமிழர் என்று என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரிதானா? அவர் என்ன வேலைக்காக இங்கே வந்தார்?
– வாசகர், தோ பாயோ

பதில்: முதலில் வந்த தமிழர் என்று அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை. 1819 ஜனவரி இறுதியில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் முதன்முறையாக இங்கே கரையிறங்கியபோதே இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 120 பேர் அவருடன் வந்தார்கள். படை போகும் இடத்துக்கெல்லாம் துணி வெளுக்கவும் பால் கறக்கவும் சிறு கடை போடவும் ஆட்கள் கூடவே செல்வது அக்கால வழக்கம் என்பதால், அந்தக் கூட்டத்தில் பெயர் பதிவாகாத தமிழர் எவரேனும் இருந்திருக்கக்கூடும். நாராயண பிள்ளை வந்தது அதற்குச் சில மாதங்கள் கழித்து, அதே ஆண்டு மே மாதத்தில், ராஃபிள்ஸின் இரண்டாம் வருகையின்போது, இண்டியானா என்ற கப்பலில். ஆனால் பெயரும் தொழிலும் செய்த காரியங்களும் துலக்கமாகப் பதிவாகியிருக்கிற முதல் சிங்கப்பூர்த் தமிழர் அவரே என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. உங்கள் தந்தையாரும் அந்தப் பொருளில்தான் சொல்லியிருப்பார்.

அவர் தமிழகத்திலிருந்து நேராக வந்தவர் அல்லர், பினாங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தவர். 1786ல் ஆங்கிலேயர் பினாங்கில் குடியேற்றம் அமைத்த காலம் முதலே சோழமண்டலக் கரையிலிருந்து வணிகரும் தொழிலாளரும் அங்கே குடியேறி வந்தார்கள். எனவே 1819ல் பினாங்கு முப்பது ஆண்டு கடந்த துறைமுகம். காட்டை வெட்டி ஒரு நகரம் எழும்பும்போது என்னென்ன தேவைப்படும், யார் யாருக்கு அதில் பிழைப்பு உண்டு என்பதையெல்லாம் கண்ணால் கண்ட ஊர். அந்த அனுபவத்தை மூட்டையாகக் கட்டிக்கொண்டுதான் பிள்ளை கப்பலேறினார் என்று நான் கருதுகிறேன். அவர் பிறகு செய்த ஒவ்வொன்றிலும் அது தெரிகிறது.

இங்கே அவருக்குக் கிடைத்த முதல் வேலை, அரசுக் கருவூலத்தில் தலைமை எழுத்தர் பணி. வரும் நாணயங்களைத் தரம் பிரித்து, நல்லது எது, கள்ளநாணயம் எது என்று சரிபார்ப்பது அப்பணியின் முக்கியப் பகுதி. ஸ்பானிய வெள்ளிதான் அன்று இந்தத் துறைமுகத்தின் முதன்மை நாணயம். ஒன்று சுமார் 27 கிராம் எடை இருக்கும். கைமாறிக் கைமாறி விளிம்பு தேய்ந்ததும், வணிகர்கள் தங்கள் முத்திரையைக் குத்திக் குத்தி முகம் சிதைந்ததும், உள்ளே செம்பு கலந்ததும் ஒரே பையில் வந்து கொட்டும். எடை போட்டும், கல்லில் தட்டி ஓசை கேட்டும், விரலால் விளிம்பைத் தடவியும் அவற்றைப் பிரிப்பதை நம்மவர்கள் நோட்டம் பார்த்தல் என்பார்கள். கணக்கில் கூர்மையும் கையில் நாணயமும் உள்ளவரிடம் மட்டுமே ஒப்படைக்கக்கூடிய வேலை அது.

கேள்வி: நான் கட்டுமானத் துறையில் பணியாற்றுகிறேன். நாராயண பிள்ளை இங்கே செங்கல் சூளை வைத்திருந்தார் என்று எழுதியிருந்தீர்கள். அரசு வேலையில் இருந்தவர் சூளை போடக் காரணம் என்ன?
– வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: ஊர் கேட்டது செங்கல்லை, அதுதான் காரணம். 1819ன் நடுப்பகுதியில் ஆற்றங்கரையில் நின்று பார்த்தவர் கண்ணுக்கு மரக்கால்களும் மூங்கில் தட்டிகளும் அத்தாப்பு எனும் ஓலைக் கூரைகளும்தான் பட்டிருக்கும். கப்பல்கள் வரத் தொடங்கிவிட்டன. சரக்கு இறங்கத் தொடங்கிவிட்டது. ஆனால் சரக்கைப் பூட்டி வைக்கத் தகுந்த சுவர் இல்லை. ஆட்கள் வந்து குவியக் குவிய வீட்டுக்கும் கிடங்குக்கும் தேவை பெருகும் என்பதைப் பிள்ளை கணித்தார். தஞ்சோங் பகாரில் சூளை அமைத்தார். கொத்தனார்களையும் தச்சர்களையும் அனுப்பி வைக்கும்படி பினாங்கிலிருந்த நண்பர்களுக்கு எழுதினார். சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரர் என்று அவரைக் குறிப்பிடுவது இதனால்தான்.

தாங்கள் துறை சார்ந்தவர் என்பதால் ஒன்று சொல்கிறேன். சூளை என்பது முதல் போட்ட மறுநாளே காசு தரும் தொழில் அன்று. மண்ணைத் தேர்ந்து, கல்லும் வேரும் நீக்கி, நீர் விட்டு மிதித்துப் பதப்படுத்த வேண்டும். அச்சில் அறுத்த பச்சைக்கல்லை வெயிலில் காயவைத்து, காற்று உள்ளே ஓடும்படி இடைவெளி விட்டு அடுக்கி, நாள் கணக்கில் நெருப்பு அணையாமல் பார்க்க வேண்டும். இடையில் ஒரு மழை கொட்டினால் காயப்போட்ட கல் அத்தனையும் மீண்டும் சேறாகிவிடும். சிங்கப்பூர் மழையைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. விறகு வெட்ட ஆள், மண் மிதிக்க ஆள், அறுக்க ஆள், அடுக்க ஆள், தீ பார்க்க ஆள் என்று ஒரு கூட்டத்துக்கே சோறும் கூலியும் கொடுத்துக் காத்திருக்கத் தெரிந்தவரால்தான் அதை நடத்த முடியும். அவர் எழுதிய கடிதத்தை நம்பிப் பினாங்கிலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் கப்பலேறி வந்தார்கள் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. இங்கே தமிழர்க்கு அவர் தலைவரானது பதவி கிடைத்த அன்று இல்லை, இப்படி ஆள் அழைத்துப் பிழைப்புக் கொடுத்த அன்றே என்பது என் எண்ணம்.

செங்கல்லின் தேவை விரைவிலேயே அரசின் கொள்கையாகவும் ஆயிற்று. 1822 நவம்பரில் நகர அமைப்புக் குழுவுக்கு ராஃபிள்ஸ் வழங்கிய அறிவுரைகளில், வீடுகள் செங்கல்லாலும் ஓட்டுக் கூரையாலும் கட்டப்பட வேண்டும், தெருவின் இருபுறமும் மக்கள் மழை வெயில் படாமல் நடந்துபோகத் தொடர்ச்சியான தாழ்வாரம் விடப்பட வேண்டும் என்று இருந்தது. நாம் இன்றும் நடக்கும் ஐந்தடிப் பாதையின் பிறப்பு அதுதான்.

கேள்வி: தீ விபத்தில் எல்லாவற்றையும் இழந்த பிள்ளைக்கு ராஃபிள்ஸ் நிலம் கொடுத்துத் தூக்கிவிட்டார் என்கிறார்கள். அப்படியானால் அவருடைய வெற்றி வெள்ளைக்காரர் தயவால் கிடைத்ததுதானே? நானும் சிறு கடை நடத்துகிறேன். கடன் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்கிறேன்.
– வாசகர், தெம்பனீஸ்

பதில்: இந்த முறை வந்த கேள்விகளிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது தங்களுடையதுதான். நிகழ்ந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

சூளையில் வந்த வருவாயைக் கொண்டு பிள்ளை துணி வணிகத்தில் இறங்கினார். கிராஸ் ஸ்திரீட்டில் பருத்தித் துணிக்கடை வைத்தார். ஊரிலேயே பெரியதும் பெயர் பெற்றதுமான கடையாக அது வளர்ந்தது. அந்நாள் வணிகம் கையில் காசு வைத்து நடந்ததன்று. இங்கிலாந்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் சரக்கை வரவழைத்த ஐரோப்பிய வணிக நிறுவனங்கள், அதை உள்ளூர் ஆசிய வணிகர்களிடம் கடனுக்கு விடுவார்கள். அவர்கள் சரக்கை விற்றுச் சில மாதத் தவணையில் பணத்தைக் கட்டுவார்கள். விற்காத சரக்குக்கும் தவணை நாள் வந்துவிடும். அதாவது, கடை பெரிதாகப் பெரிதாகக் கடன் கணக்கும் பெரிதாகும். பிள்ளையும் பிரிட்டிஷ் வணிகர்களிடம் பெருமளவில் கடனுக்குச் சரக்கு எடுத்திருந்தார்.

1822ல் தீப்பிடித்தது, கடை முழுவதும் எரிந்தது. துணிக்கடையில் தீ விழுந்தால் மிச்சம் என்று எதுவும் இருக்காது. இரும்புக்கடையில் எரிந்தது போக இரும்பாவது கிடைக்கும், பருத்தியில் சாம்பல்தான். காப்பீடு செய்து நட்டத்தை ஈடுகட்டிக்கொள்ளும் வழி அவர் போன்ற கடைக்காரருக்கு அன்று இந்த ஊரில் இல்லை. எரிந்துபோன சரக்குக்கு இனிப் பணம் கட்ட வேண்டும்.

அந்த நிலையில் அவர் முன் இருந்த வழிகளைத் தங்களைப் போன்ற வணிகரே நன்றாக எண்ணிப் பார்க்க முடியும். இந்த ஊரில் முறையான நீதிமன்றம் இன்னும் ஏற்படவில்லை. அதற்கான அரச சாசனம் 1826ல்தான் வந்தது. துறையில் நாள்தோறும் கப்பல்கள் புறப்பட்டுக்கொண்டிருந்தன. பினாங்குக்கோ மலாக்காவுக்கோ நாகப்பட்டினத்துக்கோ போய்விட்டால் துரத்திப் பிடிப்பது எளிதன்று. அவர் போகவில்லை. கடன் கொடுத்தவர்களைப் பார்த்து அவகாசம் பெற்றார். அக்டோபரில் ராஃபிள்ஸ் மூன்றாம் முறையாக இங்கே வந்தபோது அவரிடம் நிலைமையைச் சொன்னார். கமர்ஷியல் ஸ்குவேரில் அவருக்கு இடம் ஒதுக்கப்பட்டது. இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸ் அதுவே. அங்கே மீண்டும் கிடங்கு எழுப்பி வணிகத்தைத் தொடர்ந்தார். பழைய கடன்களை அடைத்து, முன்னிலும் செல்வராக நிமிர்ந்தார்.

இனி, தயவு என்ற கேள்விக்கு வருகிறேன். ராஃபிள்ஸ் நிலம் கொடுத்தது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் என்ன நிலம் என்று பாருங்கள். அந்தப் பகுதியில் இருந்த சிறு குன்றை நூற்றுக்கணக்கான தொழிலாளரைக் கொண்டு வெட்டிச் சமன் செய்து, அந்த மண்ணை ஆற்றோரச் சதுப்பில் கொட்டி நிரப்பி, அப்போதுதான் வணிக வட்டாரமாக உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். மேட்டில் கமர்ஷியல் ஸ்குவேரும் பள்ளத்தில் போட் கீயும் பிறந்த காலம் அது. புதிய இடத்துக்கு நாணயமான வணிகர்கள் குடிவர வேண்டும் என்பது அரசுக்கு இருந்த தேவை. நிலத்தை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். நொடித்துப்போன ஒரு கடைக்காரருக்கு மறுபடியும் சரக்கைக் கடனுக்குத் தர வேண்டும் என்று எந்த ஆளுநராலும் வணிகர்களுக்குக் கட்டளையிட முடியாது. அந்த வணிகர்கள் அவரை மறுபடியும் நம்பினார்கள். நாணயங்களை நோட்டம் பார்த்தவருடைய நாணயத்தை ஊர் நோட்டம் பார்த்த தருணம் அது என்று எனக்குத் தோன்றுகிறது. சூளையும் கடையும் வேறு யாரும் வைத்திருக்கலாம். எரிந்த சரக்குக்குக் கடனைத் தீர்ப்பதுதான் அரிது. அவர் வாழ்க்கையில் நான் மிக மதிப்பதும் இந்தப் பகுதியைத்தான்.

கேள்வி: சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலை நாராயண பிள்ளை கட்டினார் என்றால், 1819ல் வந்தவர் 1827 வரை ஏன் காத்திருந்தார்? சீனர்கள் வாழ்ந்த பகுதியில் ஏன் கட்டினார்?
– வாசகி, சிராங்கூன்

பதில்: அவர் காத்திருக்கவில்லை, இடத்துக்காக அலைந்துகொண்டிருந்தார் என்பதே சரி.

இந்துக்களின் கோயிலுக்கென்று முதலில் ஒதுக்கப்பட்ட இடம் தெலுக் ஆயர் தெருவில் இருந்தது. இன்று உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே அடங்கிக் கிடக்கும் அந்தத் தெரு அன்று கடலை ஒட்டிய கரை. கோயில் என்றால் அபிஷேகத்துக்கும் மடைப்பள்ளிக்கும் வருவோர் கைகால் கழுவவும் நல்ல தண்ணீர் வேண்டும். அந்த இடத்தில் நன்னீர் வசதி இல்லை என்பதால் அது கைவிடப்பட்டது. 1821ல் அன்றைய ரெசிடெண்டாக, அதாவது ஊரின் ஆங்கிலேய நிர்வாகியாக, இருந்த வில்லியம் ஃபார்க்குவார் காலத்தில், ஸ்டாம்ஃபோர்டு கால்வாய்க்கு அருகே வேறோர் இடம் கிடைத்தது. அதுவும் பொருந்தி வரவில்லை. 1822ல் லெப்டினன்ட் ஃபிலிப் ஜாக்சன் வரைந்த நகரத் திட்டம் எந்த இனத்தார் எங்கே குடியிருக்க வேண்டும் என்று கோடு போட்டு ஊரையே மாற்றி அடுக்கிற்று. கடைசியில் 1823ல் சவுத் பிரிட்ஜ் சாலையில் இப்போதைய இடம் கிடைத்தது. கடை எரிந்து, கடனும் தலைமேல் நின்ற அதே காலத்தில்தான் கோயில் நிலத்துக்காகவும் அவர் முயன்றுகொண்டிருந்தார் என்பதை ஆண்டுகளை அடுக்கிப் பார்க்கும்போது உணரலாம்.

1827ல் எழுந்த கோயில் நாம் இன்று பார்க்கும் சுதை வேலைப்பாட்டுக் கோயில் அன்று. மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன எளிய கட்டடம். அதில் பிள்ளை சின்ன அம்மன் எனப்படும் சிறிய மாரியம்மன் திருவுருவை நிறுவினார். 1831ல் சேஷாசலம் பிள்ளை என்பவர் கொடுத்த நிலத்தால் கோயில் மனை விரிந்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு 1843 அளவில் அது திருத்திக் கட்டப்பட்டது. இன்றைய ஆறு நிலை இராஜகோபுரம் 1925ல் வந்தது. 1973ல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. இந்து அறக்கட்டளை வாரியத்தின் நிர்வாகத்தில் உள்ள இக்கோயிலுக்கு 2023 பிப்ரவரியில் குடமுழுக்கு நடைபெற்றதைத் தாங்களும் கண்டிருப்பீர்கள்.

மாரியம்மனை ஏன் தேர்ந்தார் என்பதைத் தாங்கள் கேட்கவில்லையாயினும் சொல்லத் தோன்றுகிறது. மருத்துவ வசதி இல்லாத ஊரில், பெரியம்மையும் காய்ச்சலும் எப்போது வரும் என்று தெரியாமல், தாய் தந்தையரை விட்டு வந்து கூலி வேலை செய்தவர்கள் கையெடுத்துக் கும்பிட அவளை விடப் பொருத்தமான தெய்வம் எது? கிராமத்து எல்லையில் மழையும் தந்து அம்மையும் ஆற்றுகிறவள் அவள்தானே.

சீனர் பகுதியைப் பற்றி: சவுத் பிரிட்ஜ் சாலையில் மனை கிடைத்தது, கட்டினார்கள். கோபுரத்தை வைத்து ஒரு பக்கத்துத் தெருவுக்குப் பகோடா தெரு என்றும், கோயிலை வைத்து மறுபக்கத்துக்குக் கோயில் தெரு என்றும் பெயர் அமைந்தன. இன்று சைனாடவுன் என்று நாம் அழைக்கும் வட்டாரத்தில் இரண்டு தெருக்களுக்கு அடையாளம் தந்தது ஒரு தமிழ்க் கோயில்.

கேள்வி: உயர்நிலை மூன்றில் படிக்கிறேன். நாராயண பிள்ளை இந்துக்களுக்கு மட்டும் தலைவரா, அல்லது எல்லாத் தமிழர்களுக்கும் தலைவரா?
– மாணவி, ஈசூன்

பதில்: சோழமண்டலக் கரையிலிருந்து வந்த இந்தியர்களின் தலைவராக அவரை அரசு ஏற்றுக்கொண்டது, தமிழர்களுக்குள் எழும் வழக்குகளைத் தீர்த்து வைக்கும் அதிகாரமும் அவருக்கு இருந்தது. காவலரும் நீதிபதிகளும் போதாத ஊரில், ஒவ்வோர் இனத்தாருக்கும் ஒரு தலைவரை வைத்துச் சிறு சச்சரவுகளை அவர் மூலமாகவே முடிப்பது அன்றைய ஆட்சிமுறை. கூலி பாக்கி, கடன் தகராறு, அடிதடி, பங்காளிச் சண்டை போன்றவை இப்படித் தலைவர் முன் வரக்கூடியவை. 1824 ஜனவரியில் எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கில் ஊரில் மொத்தம் 10,683 பேர். அவர்களுள் இந்தியர் 756 பேர். உன் பள்ளிக்கூடத்தில் உள்ள மாணவர் தொகையே அதைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த அளவுள்ள அச்சமூகத்தில் தலைவர் சொன்ன தீர்ப்பு மறுநாளே ஊரெங்கும் பேசப்படும். ஒருதலைப்பட்சமாகச் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது.

அதே நேரத்தில் ஒன்றைச் சேர்த்துப் படித்துக்கொள். தமிழ் முஸ்லிம்கள் இதே ஆண்டுகளில் தங்கள் தலைவர்களோடு தங்கள் நிறுவனங்களை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். சவுத் பிரிட்ஜ் சாலையின் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை அன்சார் சாகிபு தலைமையில் 1826ல் நிறுவினார்கள். தெலுக் ஆயர் தெருவின் நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்டது. மாரியம்மன் கோயிலும் ஜாமிஆ பள்ளிவாசலும் ஒரே சாலையில், சில நிமிட நடையில், ஓராண்டு இடைவெளியில் தோன்றியவை. ஒரே கரையிலிருந்து வந்து ஒரே மொழி பேசிய இரு சமயத்தார் ஒரே நேரத்தில் இங்கே வேரூன்றினார்கள் என்று உன் கட்டுரையில் எழுது. பிள்ளையை மட்டும் தனியாக எழுதினால் படம் முழுமையாகாது.

கேள்வி: டான் டோக் செங் என்றால் மனைவி, மகன் என்று குடும்பமே நினைவுக்கு வருகிறது. நாராயண பிள்ளையைப் பற்றிப் பேசும்போது மட்டும் எப்போதும் கடை, கோயில் என்றே சொல்கிறீர்கள். குடும்ப வாழ்க்கை என்ற கோணத்தில் அவரை எப்படிப் பார்ப்பது?
– வாசகி, பொங்கோல்

பதில்: மிக நல்ல கேள்வி. டான் டோக் செங் 1798ல் மலாக்காவில் பிறந்து, 1819ல் இங்கே வந்து, காய்கறியும் கோழியும் விற்று முன்னேறியவர். பிள்ளையும் அவரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இந்த ஊருக்கு வந்தவர்கள். அவர் 1844ல் ஏழைகளுக்கான மருத்துவமனை கட்ட முதலில் 5,000 வெள்ளி கொடுத்தார். ஆசியர்களில் முதல் சமாதான நீதிபதியானார். 1850ல் அவர் காலமான பிறகு, பெண்களுக்கான பிரிவு அமைய அவர் மனைவி லீ சியோ நியோ பணம் கொடுத்தார்; மருத்துவமனை விரிவாக்கத்துக்கு மூத்த மகன் டான் கிம் சிங் கொடுத்தார். தந்தை தொடங்கிய தருமத்தைத் தாயும் மகனும் வளர்த்தார்கள். மலாக்கா பக்கத்தில் இருந்ததும், பெண்களோடும் பிள்ளைகளோடும் வேரூன்றிய குடும்பங்கள் அங்கே ஏற்கெனவே இருந்ததும் இதற்குத் துணை செய்தன.

தமிழர் நிலைமை வேறு. 1820களில் இங்கிருந்த தமிழர் பெரும்பாலும் ஆண்கள். குடும்பம் கடலுக்கு அப்பால். கடிதம் போனாலும் பணம் போனாலும் காற்றின் திசை பார்த்துப் பாய்மரக் கப்பலில்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைத்துக் கொடுக்கவும், வேலையில்லாமல் வந்து இறங்கினால் படுக்க இடம் காட்டவும், இறந்தால் கொள்ளி வைக்கவும் யாரேனும் வேண்டுமே. ஊரில் பெரியப்பாவும் தாய்மாமனும் பார்க்கும் காரியங்களை இங்கே தலைவரும் கோயிலும் சேர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. புதிதாக வந்து இறங்கியவர்கள் வேலையும் தங்குமிடமும் தேடிக்கொள்ளும் வரை மாரியம்மன் கோயிலில் தங்கினார்கள் என்பது அக்கோயில் வரலாற்றில் பதிவான செய்தி. பின்னாளில் குடும்பங்கள் பெருகியபோது, இந்துக்களின் திருமணங்களைப் பதிவு செய்யும் இடமாகவும் அந்தக் கோயில் விளங்கிற்று.

என் தனிப்பட்ட கருத்தைக் கேட்டால், பிள்ளையின் குடும்ப வாழ்க்கையை இங்கேதான் பார்க்க வேண்டும் என்பேன். சூளைக்கு அவர் அழைத்த கொத்தனார் தங்கிய இடம், அந்தக் கொத்தனாரின் மகன் மணமுடித்த இடம், பேரன் முடியிறக்கிய இடம் எல்லாம் ஒரே கோயிலாக அமையும்படி ஒரு மனையை வாங்கி வைத்தவர் அவர். ஐப்பசியில் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து தீமிதிக்கு நடந்து வரும் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். தகப்பன் வேப்பிலையோடு முன்னே நடக்க, தாயும் பிள்ளைகளும் மஞ்சள் ஆடையில் கூட வர, நள்ளிரவு கடந்தும் அந்தச் சாலை விழித்திருக்கும். அவர்களுக்கெல்லாம் இந்த ஊரில் ஒரு குலதெய்வ வாசல் இருக்கிறது என்றால் அதற்கு வித்திட்டவர் பிள்ளை.

கேள்வி: நாராயண பிள்ளைக்குச் சிலை உண்டா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: சிங்கப்பூரின் இருநூறாம் ஆண்டு நினைவையொட்டி 2019 ஜனவரியில், சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் கரையிறங்கிய இடத்தில் பிள்ளைக்குச் சிலை வைத்தார்கள். சாங் நீல உத்தமன், டான் டோக் செங், முன்ஷி அப்துல்லா ஆகியோரின் சிலைகளோடு அது நின்றது. ராஃபிள்ஸ் ஒருவரே நின்ற இடத்தில் இந்த நால்வரையும் நிறுத்தியது நியாயமான செயல்.

கேள்வி: பேரப் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. நாராயண பிள்ளையின் கதையைச் சொல்லிக்கொண்டே நடந்து காட்டக்கூடிய இடங்கள் உண்டா? எனக்கு வயது எழுபது. அதிக தூரம் நடக்க இயலாது.
– வாசகர், பாசிர் ரிஸ்

பதில்: உண்டு, ஐயா. எல்லாம் நகர மையத்துக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. காலை வெயில் ஏறுவதற்கு முன் எம்பிரஸ் பிளேஸ் ஆற்றங்கரையில் தொடங்குங்கள். கப்பலும் கரையும் பற்றி அங்கே சொல்லலாம். பாலத்தைக் கடந்து போட் கீ வழியாகச் சூலியா தெருவுக்கு வந்து, ராஃபிள்ஸ் பிளேஸ் திடலில் சற்று உட்காருங்கள். குன்றை வெட்டிச் சமன் செய்த இடம் அது என்று சொன்னால் பிள்ளைகள் சுற்றிலும் நிற்கும் கோபுரக் கட்டடங்களை வேறு கண்ணோடு பார்ப்பார்கள். தீயும் கடனும் பற்றிச் சொல்ல ஏற்ற இடமும் அதுதான். அங்கிருந்து தெலுக் ஆயர் தெருவுக்குப் போனால் நாகூர் தர்காவைக் காணலாம். இப்போது அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகிறது. கடல் இங்கே வரை இருந்தது, நல்ல தண்ணீர் கிடைக்கவில்லை என்ற கதையை அந்தத் தெருவில் நின்று சொல்லுங்கள். பிறகு துணிக்கடை இருந்த கிராஸ் ஸ்திரீட் வழியாகச் சவுத் பிரிட்ஜ் சாலைக்கு வந்தால் ஜாமிஆ பள்ளிவாசலும் மாரியம்மன் கோயிலும் அடுத்தடுத்து வரும்.

முழுவதும் நடக்க இயலாதென்றால் ராஃபிள்ஸ் பிளேஸ் பகுதியை ஒரு நாளும் கோயில் பகுதியை இன்னொரு நாளும் வைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்கு மேக்ஸ்வெல் எம்ஆர்டி நிலையம் மிக அருகில் உள்ளது. மூத்த பிள்ளைகளுக்கு ஆர்வம் பிறந்தால் கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்கு அழைத்துச் செல்லலாம்; தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தொகுப்பைக் கணினியில் வீட்டிலிருந்தே தேடிப் படிக்கவும் கற்றுக்கொடுக்கலாம். ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள்: நண்பகலுக்குப் பிறகு மாலை வரை கோயில் நடை சாத்தியிருக்கும். காலையில் போகிறவர்கள் பதினொரு மணிக்குள் கோயிலுக்கு வந்து சேரும்படி பார்த்துக்கொள்வது நல்லது.